மூன்று பேர் ஒரே விடை எழுதினால் நான்காமவருடையது தப்பா?

கேள்வி கேட்டவர் ப்ளஸ் டூ மாணவர். இயற்பியல் தேர்வு கடினமாக இருந்திருக்கிறது. ஹாலை விட்டு வெளியே வந்ததும் நண்பர்கள் நாலு பேர் கூடி ஒரு மார்க் விடைகளைச் சரிபார்த்திருக்கிறார்கள். நாலு இடத்தில் மற்ற மூவருக்கும் ஒரே விடை, இவருக்கு மட்டும் வேறு. கட்டாயக் கணக்கிலும் விடை ஒத்துவரவில்லை. ‘அப்படியானால் என்னுடையது எல்லாம் தப்புதானா? இனி இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதையே விட்டுவிட வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறார். அடுத்து வேதியியல் இருக்கிறது, புத்தகத்தைத் திறந்தாலும் மனம் நிற்கவில்லை என்பதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். எனக்கு என்னவோ அந்தக் கடைசி வரியில்தான் அசல் கேள்வி இருப்பதாகப் படுகிறது. போன தேர்வில் எவ்வளவு போயிற்று என்று இப்போதே தெரிந்தால்தான் அடுத்ததற்கு உட்கார முடியும் என்று மனம் அடம்பிடிக்கிறது. நண்பர்களிடம் கேட்டு அதைத் தெரிந்துகொள்ள முடியுமா என்பதை முதலில் பார்ப்போம்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். பொதுத்தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வருகிறவன். அதனால் நம் மாநிலப் பாடத்திட்டம் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசலாம். சிபிஎஸ்இ தாள்களை நான் திருத்தியதில்லை, அங்கே நடைமுறை வேறாக இருக்கலாம். அப்புறம், நீங்கள் அந்த நாலு கேள்விகளை எழுதவில்லை, உங்கள் விடைத்தாளும் என் கையில் இல்லை. எனவே யார் சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த மாதிரி வித்தியாசத்துக்குப் பயப்படலாம், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு. எளிய கேள்விகளில் பெரும்பாலோர் எழுதியது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கடினமான தாளில் ஒரு மார்க் கேள்வியைக் கடினமாக்குவது எது? அவசரத்தில் வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழும்படி ஒரு தவறான விடையை வைத்திருப்பார்கள். விழுந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே விடைதான் வரும். உதாரணத்துக்கு ஒன்று: 220 வோல்ட்டில் எரியக்கூடிய 40 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடரிணைப்பில் போட்டு 220 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் 100 வாட் என்பார்கள். வீட்டில் பார்த்த அனுபவம் அது, ஆனால் வீட்டில் இருப்பது பக்க இணைப்பு. மின்தடை என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தது. 40 வாட் பல்புக்கு அது 1210 ஓம், 100 வாட் பல்புக்கு 484 ஓம். தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் என்பதால் தடை அதிகமுள்ள 40 வாட் பல்பில்தான் அதிகத் திறன் செலவாகும். அதுதான் பிரகாசமாக எரியும். இந்தக் கேள்வி உங்கள் தாளில் வந்து, மூவர் 100 என்றும் நீங்கள் 40 என்றும் எழுதியிருந்தால், இந்நேரம் சரியாக எழுதியதற்காக அழுதுகொண்டிருப்பீர்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு, பள்ளி வாசலில் வருஷா வருஷம் கேட்கிற சண்டை அது. முதல் பாடத்திலிருந்து மின்தேக்கிக் கேள்வி வரும்: மின்கலத்தோடு இணைத்து மின்னேற்றிய மின்தேக்கியின் தகடுகளுக்கு நடுவே மின்காப்புப் பொருளைச் செருகினால் சேமித்த ஆற்றல் கூடுமா, குறையுமா? ஒருவன் கூடும் என்பான், இன்னொருவன் குறையும் என்பான். இரண்டு பேரும் சூத்திரம் சொல்வார்கள், இரண்டு சூத்திரமும் சரியாக இருக்கும். மின்கலம் இணைப்பிலேயே இருந்தால் மின்னழுத்தம் மாறாது, மின்தேக்குத்திறன் கூடுகிற அதே மடங்கு ஆற்றலும் கூடும். மின்கலத்தைக் கழற்றிய பிறகு செருகினால் மின்னூட்டம் மாறாது, ஆற்றல் அதே மடங்கு குறையும். பாடப்புத்தகத்தில் இரண்டு நிலையும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆகவே சண்டை ‘துண்டிக்கப்பட்ட பின்’ என்று வினாத்தாளில் இருந்ததா இல்லையா என்பதில்தான். வாசலில் நிற்கும் யாரும் அந்த நேரத்தில் பையிலிருந்து வினாத்தாளை எடுத்து அந்த வரியைத் திரும்பப் படிப்பதில்லை. யார் குரல் உரக்கக் கேட்கிறதோ அவன் விடை நின்றுவிடுகிறது. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவன் சொல்லிவிட்டால் பேச்சே இல்லை.

கூட்டத்தின் முன் நம் விடையை நாமே கைவிடுகிற பழக்கம் உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் 1950களில் செய்த சோதனை பிரபலமானது. ஒரு கோடு வரைந்த அட்டையைக் காட்டி, இன்னொரு அட்டையில் உள்ள மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். கண்ணால் பார்த்தாலே தெரியும். ஆனால் கூட இருந்தவர்கள் எல்லோரும், ஏற்கெனவே பேசி வைத்தபடி, தவறான கோட்டைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்கள் அந்தச் சுற்றுகளில் சொன்ன பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தோடு ஒத்துப்போன தவறான பதில். கோட்டின் நீளத்திலேயே இப்படி என்றால், மூன்று மணி நேரம் எழுதிக் களைத்துப்போய் வெளியே வந்தவரிடம் மின்தேக்கியைப் பற்றிக் கேட்டால் என்ன ஆகும்!

இரண்டாவது, வித்தியாசமே இல்லாத வித்தியாசங்கள். 100 வோல்ட்டால் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளம் கேட்டால் ஒருவர் 1.227 ஆங்ஸ்ட்ராம் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 0.1227 நானோமீட்டர், மூன்றாமவர் பத்தின் மைனஸ் பத்தாம் அடுக்கு போட்டு மீட்டரில். மூன்றும் ஒன்றுதான். வாசலில் வாயால் சொல்லும்போது ‘எனக்கு ஒண்ணு புள்ளி ரெண்டு’, ‘எனக்கு சைபர் புள்ளி ஒண்ணு ரெண்டு’ என்று மட்டும் சொல்வார்கள், அலகைச் சொல்ல மாட்டார்கள். ஒருத்தருக்கு அன்றைய சோறு இறங்காது. புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுத்தவருக்கும் 10 என்று எடுத்தவருக்கும் விடை நூற்றுக்கு இரண்டு அளவில் மாறும். ஜூலில் எழுதியதும் எலக்ட்ரான் வோல்ட்டில் எழுதியதும் எண்ணில் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும். உங்கள் கட்டாயக் கணக்கின் வித்தியாசம் இந்த ரகமா என்று பார்த்துவிட்டுத்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவது, நினைவு. பொதுத்தேர்வில் வினாத்தாள் கையோடு வரும், விடைத்தாள் வராது. நீங்கள் ஒப்பிட்டது எழுதிய விடையை அல்ல, எழுதியதாக நினைவிருக்கிற விடையை. நண்பர் சொன்னதைக் கேட்டதும் ‘நானும் அதைத்தான் எழுதினேன்’ என்று தோன்றுவதும், ‘அடடா, மாற்றி எழுதிவிட்டேனோ’ என்று தோன்றுவதும் இரண்டுமே நம்ப முடியாதவை. இதில் எந்தப் பக்கம் பிழை அதிகம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நினைவிலிருந்து மார்க் கூட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளின் கணக்கு தேர்வு முடிவோடு அச்சாகப் பொருந்துவது அபூர்வம் என்பது மட்டும் நான் பார்த்தது.

சரி, மார்க் விஷயத்துக்கு வருவோம், இதில் கொஞ்சம் உறுதியாகவே பேசலாம். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். 15 ஒரு மார்க், ஒன்பதில் ஆறு இரண்டு மார்க், ஒன்பதில் ஆறு மூன்று மார்க், ஐந்து ஐந்து மார்க். 24-ஆம் கேள்வியும் 33-ஆம் கேள்வியும் கட்டாயம். ஒரு மார்க்கில் நடுவழி கிடையாது, அதிலும் குறியீடு, விடை இரண்டையும் எழுத வேண்டும், இரண்டில் ஒன்று தப்பினால் பூஜ்யம். ஆனால் கணக்கு அப்படியல்ல. முகாமில் எங்கள் கையில் கொடுக்கும் விடைக்குறிப்பில் மூன்று மார்க் கணக்கைப் பிரித்துத்தான் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் சூத்திரத்துக்கு ஒன்று, மதிப்புகளைப் பதிலிட்டதற்கு ஒன்று, அலகோடு கூடிய விடைக்கு ஒன்று என்று வரும். அலகு விட்டுப்போனால் அரை மார்க் போகும். நண்பர்களோடு ஒப்பிடும்போது நீங்கள் பார்ப்பது கடைசி வரியை மட்டும். திருத்துகிறவர் மேலிருந்து கீழே வருகிறார். சூத்திரமும் பதிலிடலும் சரியாக இருந்து மடக்கை அட்டவணையில் கை தவறியிருந்தால் போவது ஒன்றோ அரையோதான். மறுபக்கம், விடை ஒத்துப்போய்விட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர் வரைபடத்தில் X அச்சு, Y அச்சு எது என்று குறிக்காமல் விட்டு மார்க்கை இழந்திருப்பார். அது வாசல் பேச்சில் வரவே வராது.

ஆக, உங்கள் நிலைமையை மிக மோசமாகவே வைத்துக்கொள்வோம். நாலு ஒரு மார்க்கும் தப்பு, கட்டாயக் கணக்கு 33-ஆம் கேள்வி, அதில் ஒரு மார்க் போயிற்று. மொத்தம் ஐந்து. பொறியியல் கலந்தாய்வுக் கட் ஆஃபில் கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் கணக்கிடப்படுவதால் அந்த ஐந்து அங்கே இரண்டரை ஆகிறது. இரண்டரை சின்னது என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். நல்ல கல்லூரியில் நினைத்த பிரிவு கிடைப்பதை அது மாற்றக்கூடும். ஆனால் வேதியியலின் ஒவ்வொரு மார்க்கும் அதே அரைக் கணக்கில்தான் சேர்கிறது. அதை இன்னும் எழுதவே இல்லை.

தாள் கடினமாக இருந்ததால் எல்லோருக்கும் கருணை மதிப்பெண் போடுவார்கள் என்று ஒரு செய்தி ஒவ்வொரு வருஷமும் வாட்ஸ்அப்பில் சுற்றும். அதை நம்பி உட்கார வேண்டாம். கேள்வியே பிழையாக இருந்தாலோ பாடத்திட்டத்துக்கு வெளியே போயிருந்தாலோ அதற்கு என்ன செய்வது என்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் விடைக்குறிப்பில் முடிவு செய்யும். வெறுமனே கடினம் என்பதற்காக மார்க் கொடுப்பது வழக்கம் இல்லை.

நீட் எழுதப்போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வினாத்தாளை வீட்டுக்கு எடுத்து வரலாம், குறித்து வைத்திருந்தால் நினைவுப் பிழை குறைவு. அன்று மாலையே பயிற்சி மையங்கள் கீ ஆன்சர் போட்டுவிடும், அவற்றுக்குள்ளேயே ஒன்றிரண்டு கேள்வியில் ஒத்துப்போகாது. தேசியத் தேர்வு முகமையின் தற்காலிக விடைக்குறிப்பு வரும்வரை எதுவும் முடிவில்லை, அதற்குப் பிறகும் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். சரி விடைக்கு நாலு, தப்புக்கு மைனஸ் ஒன்று என்பதால் ஒரு விடை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தால் ஐந்து மார்க் வித்தியாசம்.

2024 நீட் இயற்பியலில் நடந்ததைப் பாருங்கள். ‘ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்கின்றன’ என்ற கூற்று சரியா தவறா என்பதில் சிக்கல். கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையானவை அல்ல, ஆகவே கூற்று தவறு. ஆனால் என்சிஇஆர்டி புத்தகத்தின் பழைய பதிப்பில் அந்த வாக்கியம் அப்படியேதான் இருந்தது. புதிய பதிப்பில் ‘பெரும்பாலான தனிமங்கள்’ என்று திருத்தியிருந்தார்கள். அண்ணன் அக்காவின் பழைய புத்தகத்தில் படித்தவருக்கும் புதுப் புத்தகத்தில் படித்தவருக்கும் விடை வேறு. முகமை முதலில் இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஜூலையில் நீதிமன்றம் ஐஐடி தில்லியின் மூன்று நிபுணர்களைப் பார்க்கச் சொல்ல, கூற்று தவறு என்ற விடை ஒன்றே சரி என்று அவர்கள் சொன்னார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மதிப்பெண் குறைந்தது. 720-க்கு 720 வாங்கியிருந்தவர்களில் 44 பேர் அந்த ஒரு கேள்வியின் தயவால் அங்கே இருந்தவர்கள், திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் 17 பேருக்கு மட்டும் நின்றது. மே மாதம் தேர்வு முடிந்த கையோடு தோழர்களிடம் கேட்டு இதை யார் தீர்த்திருக்க முடியும்?

கடினமான தாள் எல்லோருக்கும் கடினம் என்பதற்கும் நீட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2025-இல் இயற்பியல் பகுதி பலரைத் திணறடித்தது. முந்தைய ஆண்டு 720-ஆக இருந்த முதலிட மதிப்பெண் அந்த ஆண்டு 686. பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண்ணும் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. இடம் தருவது தரவரிசை என்கிற தேர்வில் ‘எவ்வளவு போயிற்று’ என்பதைத் தனியாகக் கணக்குப் பார்ப்பதில் பாதி அர்த்தம்தான் உண்டு. ப்ளஸ் டூ கட் ஆஃபிலும் கடைசியில் தரவரிசைதான் என்பதால் இது ஓரளவு உங்களுக்கும் பொருந்தும். எந்த அளவுக்கு என்பது முடிவு வந்தால்தான் தெரியும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, ஒப்பிடுவதையே விட்டுவிட வேண்டுமா? பெற்றோர் ‘முடிஞ்சதைப் பேசாதே’ என்பார்கள். நான் அப்படி முழுசாகச் சொல்ல மாட்டேன். ஹார்வர்டில் எரிக் மேசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலிருந்து தன் வகுப்பையே இப்படி நடத்துகிறார்: ஒரு கேள்வி போடுவார், மாணவர்கள் தனித்தனியாக விடை சொல்ல வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரைத் தன் விடைக்கு இழுக்க வாதாட வேண்டும், பிறகு மறுபடி விடை சொல்ல வேண்டும். இரண்டாவது முறை சரியான விடைகள் கூடும். சரியாகச் சொன்னவரைப் பார்த்து மற்றவர்கள் காப்பியடிக்கிறார்களா என்ற சந்தேகம் வரும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் அதைச் சோதித்து 2009-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பேசி முடித்தபின் அதே கருத்தில் புதிய கேள்வி ஒன்றைத் தனியாகக் கொடுத்தபோதும் மாணவர்கள் முன்னேறியிருந்தார்கள், குழுவில் தொடக்கத்தில் யாருக்குமே விடை தெரியாதிருந்த இடங்களிலும்கூட.

ஆக விடையைப் பற்றி நண்பரோடு வாதாடுவது நல்ல படிப்பு. ஆனால் அங்கே அவர்கள் பேசுவது ‘ஏன்’ என்பதைப் பற்றி. நம் வாசலில் நடப்பது ‘ஒண்ணாவது ஆ, ரெண்டாவது ஈ’ என்று ஏலம் விடுவது. அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, பயம் மட்டும் மிஞ்சும். நுழைவுத்தேர்வும் எழுதப்போகிறீர்கள் என்றால் அந்த நாலு கேள்விகளும் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டியவை, அதே கருத்து அங்கே திரும்ப வரும். ஆனால் அதற்கு நேரம் பொதுத்தேர்வு எல்லாம் முடிந்த பிறகு.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். வினாத்தாளில் அந்த நாலு எண்ணையும் கட்டாயக் கணக்கின் எண்ணையும் வட்டமிட்டு, தாளை அலமாரியில் போடுங்கள். எந்த வார்த்தையால் விடை மாறியது என்று தோன்றுகிறதோ அதை மட்டும் ஓரத்தில் எழுதிவையுங்கள், தீர்த்துப் பார்க்க வேண்டாம். நண்பர்கள் குழுவை வேதியியல் முடியும்வரை மியூட் செய்யுங்கள். அடுத்த தேர்வன்று யாராவது ‘மூணாவதுக்கு என்ன போட்ட?’ என்று கேட்டால் ‘கடைசிப் பரீட்சை முடியட்டும் மச்சான், உட்கார்ந்து பேசலாம்’ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தூக்கம் வராத அளவுக்கு, சாப்பாடு இறங்காத அளவுக்குப் போய்விட்டது என்றால் மட்டும் தனியாக வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், வீட்டிலோ உங்கள் வகுப்பாசிரியரிடமோ சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

முடிவு வந்தபிறகு மார்க் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நகல் கைக்கு வந்ததும் உங்கள் இயற்பியல் ஆசிரியரோடு உட்கார்ந்து விடைக்குறிப்பை வைத்துப் பார்த்துவிட்டு, கூட்டல் பிழை என்றால் மறுகூட்டல், ஸ்டெப் மார்க் விட்டுப்போயிருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். மறுமதிப்பீட்டில் மார்க் குறையவும் கூடும், குறைந்தால் அதுவே இறுதி. அதனால் நகலைப் பார்த்து ஆசிரியர் ‘கேட்கலாம்’ என்று சொன்னால் மட்டும் பணம் கட்டுங்கள்.